விதையில்லாப் பஞ்சு

ஆவணி மாதம் மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. கணவாய்க் காற்று இரண்டு நாள் ஊளையிட்டு ஓய்ந்துவிட்டிருந்தது, வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை, வெயில் ஓடுகளின் மேல் காய்ச்சிய எண்ணெயைப் போல அசையாமல் நின்றது. அந்த நேரத்தில்தான் மூணாந்தல் பேருந்து நிறுத்தத்தில், சிவனாண்டியின் தேநீர்க் கடை வாசலில், ஆனைமுடிச் சிகரத்தின் உயரம் எத்தனை அடி என்று யாரோ கேட்க, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுநர் ஒருவர், "இரு இரு, அஞ்சாப்புல வாத்தியார் பெரம்பால அடிச்சு மண்டையில ஏத்துனது, நுனி நாக்குல நிக்கிது" என்று கண்ணை மூடி, மூடிய கண்ணை அரை நொடியில் திறந்து, "இதுல பாத்துட்டாப் போச்சு" என்று கைபேசியை எடுத்தார். எடுத்த மாத்திரத்தில் அவருடைய உச்சந்தலைக்கு ஒரு முழ உயரத்தில், வெறும் வெளியிலிருந்து ஒரு கொத்துப் பஞ்சு பிறந்து, அவசரமே இல்லாமல் இறங்கி, தேநீர்க் குவளையின் விளிம்பில் உட்கார்ந்தது. அவர் அதை ஊதித் தள்ளிவிட்டு, "எட்டாயிரத்து எண்ணூத்தி நாப்பத்திரண்டு" என்று படித்தார்.

யாரும் வியக்கவில்லை. மலைச்சரிவு முழுக்க இலவ மரங்கள் நிற்கிற ஊரில், பங்குனி சித்திரையில் நெற்று வெடித்துத் தெருவெல்லாம் வெளுத்துப்போகிற ஊரில், சோற்றிலும் சாமி சிலையிலும் பஞ்சு கிடப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். வியந்தவள் தவமணி ஒருத்திதான்; அவளும் பஞ்சு விழுந்ததற்காக வியக்கவில்லை. ராவுத்தரின் தலையணைப் பட்டறையில் இருபத்தொரு வருடமாகப் பஞ்சு அடைப்பவள், உடன் வேலை செய்யும் பெண்களுக்குத் தேநீர் வாங்கத் தூக்குவாளியோடு வந்தவள், அந்தக் கொத்தை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டி, மறுபடி உருட்டி, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இழை நீளமாக இருந்தது. ஆனால் கொட்டை இல்லை. கொட்டை இருந்ததற்கான குழிகூட இல்லை.

"என்னக்கா தேடுற?" என்றார் சிவனாண்டி.

"வெதையத் தேடுறேன்."

"ஆவணியில பஞ்சு வந்ததே பெருசு. வெத வேற வேணுமாக்கும்!"

அந்த வாரம் முடிவதற்குள் ஊர் முழுக்க அது விழத் தொடங்கியது. திருமண மண்டபத்தில் அதிரசப் பாகின் பதத்தை நினைக்கத் தொடங்கி, நினைத்து முடிப்பதற்குள் கைபேசியைத் தடவிய மணப்பெண்ணின் தாய்க்கு மேல் விழுந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் கரும்பலகை முன்னால் நின்றபடியே வட்டத்தின் பரப்பளவைக் கைபேசியில் பார்த்தபோது, சுண்ணக்கட்டித் தூளும் பஞ்சுமாக அவர் தலை நரைத்தது. தேவாரத்தின் நடுவடி மறந்து இடுப்பு முடிச்சிலிருந்து கைபேசியை எடுத்த பூசாரியின் மேல் விழவேண்டியது வழி தவறி அம்மனின் தோளில் விழ, பக்தர்கள் அதையும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அறியாததைத் தேடியவர்கள் மேல் ஒரு இழைகூட விழவில்லை. அறிந்ததை, எழும்பி வந்துகொண்டே இருந்ததை, இன்னும் நாலு மூச்சு பொறுத்திருந்தால் வாய்க்கு வந்துவிட்டிருக்கக் கூடியதை, பாதி வழியில் விட்டவர்கள் மேல்தான் விழுந்தது. இதை யாரும் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை. மழைக்கு முன்னால் எறும்பு ஏறும் என்று தெரிவதைப்போல, தானாகவே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பேரூராட்சி ஓர் அறிவிப்பு ஒட்டியது: பொது இடங்களில் பஞ்சு விழச் செய்வோர் தாங்களே அள்ளிச் செல்ல வேண்டும்.

ராவுத்தர் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஆகாசத்துலருந்து கொட்டுறத அள்ளாம விட்டா அது நன்றி கெட்ட வேல. கோணியத் தூக்கிக்கிட்டு போங்கம்மா" என்றார். கொட்டை நீக்கும் வேலை மிச்சம் என்பதால் பெண்களும் போனார்கள்.

மூணாந்தலில் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தின் முதல் தலையணையை ஒவ்வொரு பெண்ணும் தன் சொந்தப் பஞ்சில் அடைத்து, எந்த வீட்டோடு தன் வீட்டுக்குப் பேச்சில்லையோ அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். வாங்குகிறவர் மறுக்கக் கூடாது, ஏனெனில் தலையணையை மறுப்பது தூக்கத்தை மறுப்பது. கொடுத்தவள் திருப்பிக் கேட்கவும் கூடாது. பேச்சில்லாமல் போகலாம், தூக்கமில்லாமல் போகக் கூடாது என்பதுதான் அதன் பொருள். ஆவணியில் விழுந்தது பருவமா, அதற்கு இந்த வழக்கம் பொருந்துமா என்று பட்டறையில் அரைநாள் வழக்காடினார்கள்.

"மரத்துல காச்சாத்தான பருவம்?" என்றாள் ஒருத்தி.

"ஒனக்குப் பேச்சில்லாத வீடு ஏழு இருக்கு. தலகாணி மிச்சம் பிடிக்கப் பாக்குற" என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு அடங்கியதும், பஞ்சு என்றால் பஞ்சுதான் என்று தீர்மானமாயிற்று.

தவமணிக்குப் பேச்சில்லாத வீடு ஒன்றே ஒன்று: அவள் கணவன் சுருளிவேலின் அண்ணன் காசிமாயன் வீடு, அடுத்த தெரு. ஏழு வருடத்துக்கு முன் மாமனாரின் முதல் ஆண்டுத் திவசத்தன்று, பந்தி நடுவில் காசிமாயன், "அப்பாவத் தூக்குன அன்னைக்கி தூறல் போட்டுச்சு, வானமே அழுதுச்சு" என்று சொல்ல, சுருளிவேல் வேடிக்கையாகக் கைபேசியை எடுத்து அந்தத் தேதியைத் தேடி, "அண்ணே, மழை அளவு சுழியம்னு போட்டிருக்கு" என்று வாசித்தான், பந்தி சிரித்தது. காசிமாயன் இலையை மடக்கினார். "அப்ப என் மேல விழுந்தது என்னடா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பிறகு அவர் தம்பியோடு பேசவில்லை. பதினான்கு மாதத்துக்கு முன் மார்வலியில் சுருளிவேல் போனபோதும் வந்து பாடையைத் தோளில் சுமந்தார், வாயைத் திறக்கவில்லை.

தவமணி தன் வீட்டுக்குள் விழுந்த பஞ்சை மட்டும் கூட்டி எடுத்து அந்த முதல் தலையணையை அடைத்தாள். அவள் வீட்டில் நிறையவே விழுந்திருந்தது, எதனால் என்று அவள் யோசிக்கவில்லை. வாயைத் தைக்கும்போது வழக்கம்போலத் தன் பச்சை நூலால் தைத்தாள். அடைத்தது யார் என்று தெரிவதற்காகப் பட்டறையில் ஆளுக்கொரு நிறம். விடிகாலையில் காசிமாயனின் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

வந்த நான்காம் நாள், தண்ணீர் எடுக்கக் குனிந்தபோது இடுப்பிலிருந்த கைபேசி பீப்பாய்க்குள் விழுந்தது. பழுது பார்ப்பவர் அதைப் பிரித்து, உலர்த்தி, உதட்டைப் பிதுக்கினார். அதில் சுருளிவேல் அனுப்பிய கடைசிக் குரல்செய்தி இருந்தது. பதினோரு நொடி. மலைமேலிருந்து ஜீப்பை ஓரங்கட்டிப் பேசியது. அவன் போன நாளிலிருந்து, அவன் குரல் அவளுக்குள் எழும்பும்போதெல்லாம், சமைக்கும்போதும் துவைக்கும்போதும், எழும்பி முடிப்பதற்குள் விரல் திரையில் செய்தியை ஓடவிடும் அந்த முக்கோணத்தை அழுத்திவிடும். குரல் வெளியிலிருந்து வந்துவிடும். உள்ளிருந்து வந்துகொண்டிருந்தது பாதியில் நின்றுவிடும். இப்போது பழுதுக்கடை வாசலில் நின்று, கண்ணை மூடி அந்தக் குரலைத் தேடினாள். சொற்கள் இருந்தன, அச்சடித்த தாளைப்போலத் தெளிவாக இருந்தன. ஓசை இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்புறம் வெள்ளையாக இருந்தது.

அன்று மாலை முழுக்க அவள் வீட்டிலிருந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தாள். ஏன் தட்டினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்த நாட்களில்தான் கனவுகள் தொடங்கின. புதிய தலையணையில் படுத்தவர்கள் பிறருடைய நினைவோடு எழுந்தார்கள். பேரூராட்சி எழுத்தர் ஒருநாள் மதியத் தூக்கத்திலிருந்து விழித்து, தான் ஒருபோதும் செய்திராத அதிரசத்தின் பாகுப் பதத்தைத் துல்லியமாகச் சொன்னார். சிவனாண்டி வட்டத்தின் பரப்பளவோடு எழுந்து, அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் வடைகளை அளந்தார். மூணாந்தல் இதையும் ஏற்றுக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு கரும்பலகை வைத்தார்கள். அதில் தினமும் புதுப்புது எழுத்துகள்: 'மஞ்சள் நூல் தலையணையில் படுத்தவருக்கு என் பள்ளித் தோழி மல்லிகாவின் ஊர்ப்பெயர் வந்திருந்தால் சொல்லவும்.' 'தேவாரத்தின் நடுவடி கிடைத்தது, கோயிலில் ஒப்படைக்கப்பட்டது.' 'வெள்ளை நூல்: யாரோ ஒருவருடைய முதல் முத்தம் வருகிறது. உரியவர் விரைந்து வரவும், என் வீட்டில் சண்டை.' ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தில் கூடித் தலையணைகளை மாற்றிக்கொண்டார்கள். உரியவர் ஒருமுறை தலை வைத்தால் நினைவு அவருக்குள் திரும்பிவிடும். அதன்பின் அந்தத் தலையணை வெறும் பஞ்சு, எவர் படுத்தாலும் எதுவும் வராது. மணப்பெண்ணின் தாய் தன் பாகுப் பதத்தை அப்படித்தான் திரும்பப் பெற்றார். எழுத்தர் அன்று முதல் கொஞ்சம் வாடிப்போனார்.

தவமணி அந்தக் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. தன்னுடையது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் விரலால் பாதியில் நிறுத்திய அத்தனை குரலும், பச்சை நூலால் வாய் தைக்கப்பட்டு, கேட்கக் கூடாத வீட்டில் இருந்தது.

புரட்டாசி இரண்டாம் வாரத்தில் காசிமாயனின் மனைவி பவுன்தாய் பட்டறைக்கே வந்துவிட்டாள். வழக்கப்படி தவமணியோடு பேசக் கூடாது என்பதால், பஞ்சுக் குவியலைப் பார்த்துப் பேசினாள்.

"பஞ்சே, ஒண்ணு கேட்டுக்க. என் வீட்டு மனுசன் ஒரு மாசமா மத்தியானச் சோத்த முடிச்சதும் கதவச் சாத்திக்கிறாரு. தூக்கத்துல சிரிக்கிறாரு. நான் கட்டிக்கிட்டு வந்து முப்பது வருசத்துல அந்தச் சிரிப்ப எனக்கு ஒருநாள் காட்டல. எவளோ கனவுல வர்றாளா என்னன்னு கேட்டுச் சொல்லு."

"பஞ்சே, எவளும் வரல, அவுக தம்பி வர்றாருன்னு சொல்லு" என்றாள் தவமணி, அவளும் குவியலைப் பார்த்து.

பவுன்தாயின் கண்கள் குவியலிலிருந்து மெல்ல நகர்ந்து தவமணியின் முகத்துக்கு வந்தன. ஏழு வருடத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்து, "வா ஆத்தா" என்றாள். "நாளைக்கி மத்தியானம் வா. வழக்கமாவது, வெங்காயமாவது."

மறுநாள் ஒரு மணிக்குத் தவமணி அந்த வாசற்படியை ஏறினாள். காசிமாயன் தரையில் பாய் விரித்து, பச்சை நூல் தைத்த தலையணையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, நரைத்த மீசை, மரமேறிப் பழகிய அகன்ற பாதங்கள். அவளைக் கண்டதும் தலையணையைக் கைகளால் சுற்றிக்கொண்டார். அந்தச் செய்கையைத் தானே கவனித்து, வெட்கப்பட்டு, கைகளைத் தளர்த்தினார்.

"திருப்பிக் கேக்கக் கூடாது தாயி. தெரியும்ல?"

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுதான் வந்திருக்க."

"என்கிட்ட அவர் குரல் இல்ல மாமா. போன் தண்ணிக்குள்ள போயிருச்சு. போனோட போயிருச்சுன்னு பாத்தா, எனக்குள்ளயும் இல்ல. மூஞ்சி இருக்கு, நடை இருக்கு. கொரலு மட்டும் இல்ல."

அவர் தலையணையின் பச்சை நூலைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு, யாரிடமும் இதுவரை சொல்லாததைச் சொல்கிறவரின் சின்னக் குரலில் பேசினார்.

"தெனம் வர்றான். ஆளு வரல, கொரலு மட்டும் வருது. 'மழை வருது'ங்கிறான். ஏழு வருசம் கழிச்சு ஒத்துக்கிட்டான் பாத்தியா? மழை வருதுன்னு அவன் வாயாலயே சொல்றான். 'கொடியில கெடக்குறத எடுத்துப் போடு, நனைஞ்சிரப் போகுது'ங்கிறான். அன்னைக்கி எங்கப்பாவோட வேட்டி கொடியிலதான் கெடந்துச்சு தாயி. அவரத் தூக்கிட்டுப் போற அவதியில எல்லாரும் மறந்துட்டோம். வந்து பாத்தா நனைஞ்சு தொங்குது. அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இவனுக்கு எப்புடித் தெரிஞ்சுச்சு? அவனும் பாத்திருக்கான். பாத்துட்டுத்தான் அன்னைக்கி பந்தியில வெளாட்டுக்குச் சொல்லிப்புட்டான்." மீசைக்குள் அவர் சிரித்தார். "சின்னப்பயலா இருந்தப்ப பேசுன மாதிரியே, போடு வான்னு ஒருமையில பேசுறான், மருவாதி கெட்ட பய."

தவமணி வாயைத் திறந்தாள். கொடியில் கிடந்தது அவளுடைய இரண்டு சேலைகளும் ஒரு போர்வையும். அது வைகாசி மாதத்து வியாழக்கிழமை. அவன் மலைமேல் மழையைப் பார்த்துவிட்டு அடிவாரத்திலிருந்த மனைவிக்கு அனுப்பிய செய்தி அது. அவள் எடுத்துப் போடவில்லை, போர்வை நனைந்துதான் போயிற்று. இதெல்லாம் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அவருடைய முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

அவர் தலையணையை இரு கைகளாலும் எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"ஒன் நூலு. ஒன் பஞ்சு. படுத்துக்க. நீ ஒருவாட்டி படுத்தா அப்புறம் எனக்கு வராதுன்னு தெரியும். ஒரு மாசம் கேட்டுட்டேன், போதும்."

போதாது என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. சமையலறை வாசலில் பவுன்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். தவமணி தலையணையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அதற்குள் ஏதோ துடிப்பதைப்போல இருந்தது. அது அவளுடைய கையின் நாடியாகவும் இருக்கலாம். தலையைச் சாய்க்க ஒரு சாண் தூரம்தான். ஒரே ஒரு மூச்சு நேரம்தான். அழுத்தினால் போதும், வந்துவிடும். எப்போதும் அப்படித்தானே வந்தது.

அவள் கையை எடுத்தாள்.

"நீங்க சொல்லுங்க மாமா. அவர் எப்படிச் சொல்றாரு? அதே மாதிரி சொல்லிக் காட்டுங்க."

காசிமாயன் கூச்சப்பட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரே தாயின் வயிற்றில் பிறந்த தொண்டை அது. "மழை வருது" என்றார். "கொடியில கெடக்குறத எடுத்துப் போடு."

"இல்ல மாமா" என்றாள் தவமணி.

"என்ன இல்ல?"

"இவ்வளவு வெரசா சொல்ல மாட்டாரு. மழைங்கும்போது நிப்பாட்டுவாரு."

"மழை... வருது."

"அவ்வளவு கட்டையா இல்ல. இன்னுங் கொஞ்சம் மேல."

அவர் மேலே ஏற்றினார். அதுவும் இல்லை என்றாள். இறக்கினார், அதுவும் இல்லை. எது இல்லை என்று அவளுக்கு ஒவ்வொரு முறையும் தெரிந்தது. எது என்று தெரியவில்லை. இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி, கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி விட்டுத் துழாவுகிறவளைப்போல அவள் தன்னுள் துழாவினாள். கரண்டி கல்லில் இடறியது, சேற்றில் இழுபட்டது, பல முறை வெறுமனே மேலே வந்தது. பவுன்தாய் வைத்த மோர் சூடேறிவிட்டது. அவளுடைய விரல் தரையில் தானாகவே ஒரு முக்கோணத்தைத் தேடியது. அந்த விரலை அவள் மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். பொறு, பொறு என்று தனக்கே சொன்னாள்.

"கடைசியில ஒரு இருமல் வரும்ல?" என்றார் காசிமாயன் திடீரென்று.

"இருமல் இல்ல மாமா, அது சிரிப்பு. இருமுற மாதிரிச் சிரிப்பாரு" என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே அந்தச் சிரிப்பு கேட்டது. சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு 'போகுது' வந்தது, 'போகுது'வின் வாலைப் பிடித்துக்கொண்டு 'நனைஞ்சிர' வந்தது, பின்னாலிருந்து முன்னாலாக, சொல் சொல்லாக, ஈரம் சொட்டச் சொட்ட, அந்தப் பதினோரு நொடியும் அவளுக்குள்ளிருந்தே ஏறி வந்தது; அதோடு நிற்காமல், எந்தக் கைபேசியும் பிடித்து வைக்காத வேறு குரல்களும் வந்தன, கதவைத் தட்டி உப்புக் கேட்ட குரல், காய்ச்சலில் முனகிய குரல், பெண் பார்க்க வந்த அன்று தண்ணீர் போதும் என்று சொன்ன குரல். அவள் அழவில்லை. வாய் கொஞ்சம் திறந்திருக்க, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வந்துருச்சா?" என்றார் காசிமாயன்.

"வந்துருச்சு மாமா."

அவர் பயத்தோடு தலையணையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு அவருடைய மீசை மெல்ல அசைந்தது.

"இங்கயும் இருக்கான்" என்றார்.

மறுநாள் காலை ராவுத்தர் பட்டறையைத் திறந்து, கரும்பலகையில் எழுதக் கொடுத்திருந்த தன் சொந்த அறிவிப்பை, மறைந்த தகப்பனாரின் உயரம் யாருக்காவது வந்திருந்தால் சொல்லவும் என்பதை, திரும்ப வாங்கிக்கொண்டு, அந்த உயரத்தைத் தானே நினைவிலிருந்து சுவரில் கரிக்கோட்டால் குறிக்க முயன்று, மூன்று முறை அழித்தார். சிவனாண்டியிடம் யாரோ ஆனைமுடியின் உயரம் கேட்டார்கள்; கடையிலிருந்த ஏழு பேரும் தேநீர் ஆறுகிறவரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்து, ஏழு வெவ்வேறு எண்களைச் சொல்லிச் சண்டை போட்டார்கள். பவுன்தாய் ஒரு தூக்குவாளி நிறையக் குழம்போடு, தலை நிமிர்ந்து, எல்லோரும் பார்க்கத் தெருவைக் கடந்து தவமணியின் வீட்டுக்குப் போனாள். காசிமாயன் தலையணையை முற்றத்தில் வெயில் காய வைத்து, அதன் பக்கத்தில் ஒரு குடையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வானத்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

தவமணி இரண்டு சேலைகளையும் ஒரு போர்வையையும் துவைத்துக் கொடியில் போட்டாள். மருந்துக்கும் மேகம் இல்லை, காற்றும் இல்லை, துணிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். பிறகு, எதிர்வீட்டுப் பெண் வாயைப் பிளந்து பார்க்க, ஈரம் உலராத அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.